கட்டளைக்குக் காத்து நின்றவன்

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் விக்டோரியா சிலுவை. அதைப் பெற்ற ஜாக் கார்ன்வெல், 1900இல் லெய்ட்டனில் பிறந்த ஏழைச் சிறுவன். 'செஸ்டர்' போர்க்கப்பலில், அதிகாரி சொல்லும் அளவின்படி பீரங்கியின் குறியைத் திருத்துவது அவன் வேலை.

1916 மே 31, ஜட்லண்ட் கடற்போர். எதிரியின் குண்டுகளால் பீரங்கியைச் சுற்றியிருந்தோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். மார்பில் இரும்புத் துண்டுகள் பாய்ந்தும், கட்டளை வரக்கூடும் என்று அவன் தன் இடத்திலேயே நின்றான். வயது 16, எங்கள் வகுப்பினரைவிட ஒன்றே கூடுதல்! ஜூன் 2 அன்று, தாயார் வந்து சேருமுன், கிரிம்ஸ்பி மருத்துவமனையில் உயிர் நீத்தான்.

முதலில் அவனுக்குக் கிடைத்தது பொதுக் கல்லறையே. வீரச் செயல் ஊரறிந்த பின்னரே, ஜூலை 29இல் கடற்படை மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்தனர். நவம்பரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வழங்கிய பதக்கத்தைத் தாயார் பெற்றுக்கொண்டார். தந்தை அக்டோபரிலேயே இறந்திருந்தார்.