ஐநூறு ரூபாய் கூடியது, காப்பீடு போனது

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வருடம் என் சம்பளம் 21,500 ரூபாய் ஆனது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கான மாதச் சம்பள வரம்போ 21,000. தாண்டினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் திட்டத்தை விட்டு வெளியே.

அதுவரை என் சம்பளத்தில் பிடித்தது 0.75 சதவீதம்தான், மாதம் 150 ரூபாய் சொச்சம். கம்பெனி 3.25 சதவீதம் கட்டியது. அதிலேயே மனைவி, பிள்ளைகள், என்னை நம்பியிருக்கும் அம்மா எல்லோருக்கும் வைத்தியம் நடந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர். மாத்திரைகூட இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே வாங்கிவிடுவோம்.

வெளியே வந்தபின் வேறு காப்பீடு தேடினேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானம் பார்க்காத மத்திய அரசுத் திட்டம் 2024-இல் வந்தது. அது 70 வயது நிரம்பியவர்களுக்கு. அம்மாவுக்கு 64. தனியார் பாலிசிக்கு ஏஜென்ட் சொன்ன பிரீமியம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கட்டினாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்க வைக்கலாம்.

15,000 ஆக இருந்த இ.எஸ்.ஐ. வரம்பை 2017-இல்தான் 21,000 ஆக்கினார்கள். அதை உயர்த்துங்கள். இல்லையேல், தாண்டியவர்கள் இரண்டு பங்கையும் தாங்களே கட்டித் தொடர வழிவிடுங்கள். மாதம் 860 ரூபாய் வரும். நான் கட்டத் தயார்.