டவர் எங்கே, கேபிள் எங்கே? பதிவேடு சரியாக இருந்தால்தான் தொடர்பு திரும்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் பகுதி மக்கள் எளிதில் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிக மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் புன்னைக்காயல் வெள்ளத்தால் சூழப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நகர முடியாமல் நின்றது.

மின்சாரம் போனது, சாலை போனது. கூடவே செல்போனும் போனது. வளைகுடா, இலங்கை, ஹாங்காங் என்று பல நாடுகளில் பிழைப்புக்காக இருக்கும் பிள்ளைகள், ஊரில் வாப்பாவும் உம்மாவும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தார்கள். மாடியில் ஏறி நின்றவர்களால் படகு கேட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

இவ்வளவு பெரிய வெள்ளத்தில் தொடர்பு அறுவதை முழுமையாகத் தடுப்பது கடினம். ஆனால் அறுந்த தொடர்பு எத்தனை மணி நேரத்தில் திரும்பும் என்பது மழையை மட்டும் பொறுத்ததல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்களிடம் இருக்கும் பொருட்களை எவ்வளவு சரியாக எழுதி வைத்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. இதைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது?

நம் கையில் இருக்கும் போனுக்கு சிக்னல் வர, பின்னால் ஒரு நீண்ட சங்கிலி வேலை செய்கிறது. டவரில் ஆன்டெனா, அதன் கீழே ரேடியோ கருவிகள், மின்சாரம் நின்றால் தாங்குவதற்கு பேட்டரி, பல இடங்களில் டீசல் ஜெனரேட்டர். அங்கிருந்து மண்ணுக்கடியிலோ மின்கம்பம் வழியாகவோ செல்லும் ஃபைபர் கேபிள். கேபிளை இணைக்கும் ஜாயின்ட்டுகள். மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச், அதனுள் ரூட்டர்கள், அவற்றில் கார்டுகள், ஒவ்வொரு கார்டிலும் பல போர்ட்டுகள்.

இவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எந்த மாடல், வரிசை எண் என்ன, எதனுடன் எது இணைக்கப்பட்டிருக்கிறது, யாருடைய சேவை அதில் ஓடுகிறது என்ற விவரங்களின் தொகுப்புதான் வலையமைப்புச் சொத்துப் பதிவேடு. மளிகைக் கடையின் இருப்புக் கணக்கு போன்றது என்று சொல்லலாம். ஆனால் கடையில் பொருள் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். இங்கே எது எதனுடன் சேர்ந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் டவர் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் ஆன்டெனா மாட்டியிருப்பது வேறு இரண்டு மூன்று நிறுவனங்கள். ஃபைபர் இன்னொருவருடையதாக இருக்கலாம். பேட்டரியும் டீசலும் ஒருவர் கணக்கில், ரேடியோ கருவி மற்றொருவர் கணக்கில் இருக்கும். மூன்று பதிவேடுகளும் ஒத்துப்போனால்தான் ஒரு டவரின் முழு நிலை தெரியும்.

பதிவேடு ஏன் பொய்யாகிறது?

யாரும் வேண்டுமென்று தவறாக எழுதுவதில்லை. நள்ளிரவில் ஒரு கார்டு பழுதாகிறது. பணியாளர் வேறு கார்டை மாட்டி சேவையை மீட்டுவிடுகிறார். காலையில் அடுத்த பழுதுக்கு ஓடுகிறார். பழைய கார்டின் எண்ணே பதிவேட்டில் நிற்கிறது. சாலை அகலப்படுத்தும்போது கேபிள் சாலையின் மறுபக்கத்துக்கு மாற்றப்படுகிறது. வரைபடத்தில் அது பழைய இடத்திலேயே ஓடுகிறது. சேவையை நிறுத்திய வாடிக்கையாளரின் போர்ட் காலியாகிறது. பதிவேட்டிலோ அவர் இன்னும் இருக்கிறார்.

இப்படி ஒவ்வொரு நாளும் சிறு சிறு வித்தியாசங்கள் சேர்கின்றன. சில ஆண்டுகளில் பதிவேடு ஒன்று சொல்லும், களம் இன்னொன்று சொல்லும்.

இது ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி, 1990களின் இறுதியில் அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனங்களின் எக்ஸ்சேஞ்சுகளுக்குத் தணிக்கையாளர்களை அனுப்பியது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 1999இல் வெளியான முடிவுகளின்படி, சுமார் 500 கோடி டாலர் மதிப்புள்ள கருவிகளைக் கண்டுபிடிக்கவோ உறுதிசெய்யவோ முடியவில்லை. தணிக்கை செய்த முறை சரியில்லை என்று நிறுவனங்கள் வாதிட்டன. ஆனால் காகிதத்துக்கும் களத்துக்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் விழ முடியும் என்பதை அந்த விவகாரம் காட்டியது.

வெள்ள நேரத்தில் இது எப்படி வலிக்கிறது?

ஃபைபர் அறுந்தால், எக்ஸ்சேஞ்சில் இருந்தபடியே ஓடிடிஆர் என்ற கருவி மூலம் ஒளித்துடிப்பை அனுப்பிப் பார்ப்பார்கள். அறுந்த இடத்தில் ஒளி திரும்பும். அது திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு, இத்தனை கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். ஆனால் கருவி சொல்வது கேபிளின் நீளம்தான். எந்தப் பாலம், எந்தத் தோப்பு, எந்த மைல்கல் என்று அதற்குத் தெரியாது. எந்தெந்த ஜாயின்ட்டில் எத்தனை மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், கேபிள் எந்தப் பாதையில் போகிறது என்ற பதிவு இருந்தால்தான் அந்த எண்ணை இடமாக மாற்ற முடியும். பதிவு தவறாக இருந்தால், தண்ணீரில் நடந்து தவறான இடத்துக்குப் போய்த் தேட வேண்டியதுதான்.

பேட்டரியும் அப்படித்தான். மின்சாரம் நின்றால் ஒரு டவர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது, அங்கே எந்தக் கொள்ளளவு பேட்டரி, எத்தனை ஆண்டு பழையது என்பதைப் பொறுத்தது. 8 மணி நேரம் தாங்கும் என்று எழுதியிருக்கும் பேட்டரி உண்மையில் 2 மணி நேரத்தில் அடங்கினால், டீசல் அனுப்பும் வரிசையே குலைந்துபோகும். சாலை துண்டிக்கப்பட்டு, படகில்தான் டீசல் போக முடியும் என்ற நிலையில், முதல் படகு எந்த டவருக்குப் போக வேண்டும் என்பதை இந்தப் பதிவுதான் தீர்மானிக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் புன்னைக்காயல் போன்ற ஊருக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

தானியங்கித் தணிக்கை என்றால் என்ன?

ஆட்களை அனுப்பி எண்ணுவது நல்லதுதான். ஆனால் லட்சக்கணக்கான கருவிகளை எண்ணி முடிப்பதற்குள் முதலில் எண்ணியது மாறிவிடும். எனவே கருவிகளிடமே கேட்கும் முறை வந்தது.

இன்றைய ரூட்டர்களும் ரேடியோ கருவிகளும் தங்களைப் பற்றிப் பதில் சொல்லக்கூடியவை. மென்பொருள் குறித்த நேரத்தில் ஒவ்வொரு கருவியையும் தொடர்புகொண்டு, உன் மாடல் என்ன, வரிசை எண் என்ன, உன்னில் எத்தனை கார்டுகள், எந்த போர்ட்டுகள் வேலை செய்கின்றன, உன் பக்கத்தில் இருக்கும் கருவி எது என்று கேட்கும். வந்த பதிலைப் பதிவேட்டுடன் வரிக்கு வரி ஒப்பிடும். வித்தியாசங்கள் மூன்று வகையாகப் பிரியும். களத்தில் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இருக்கிறது, களத்தில் காணோம். இரண்டிலும் இருக்கிறது, ஆனால் விவரம் பொருந்தவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது வகை. ஒரு கருவி பதில் சொல்லவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. வெள்ளத்தில் மின்சாரம் இழந்த டவர் பதில் சொல்லாது. அதைக் காணாமல் போனதாக எண்ணி மென்பொருளே பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டால், மீட்க வேண்டிய பட்டியலில் இருந்தே அந்த ஊர் விழுந்துவிடும். எனவே நன்றாக வடிவமைத்த தணிக்கையில், வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது இயந்திரத்தின் வேலை. வரிசை எண் போன்ற சிறிய திருத்தங்களை அது தானே செய்யலாம். நீக்குவதையும் இணைப்பை மாற்றி எழுதுவதையும் பொறுப்புள்ள ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற குறிப்பும் நிற்க வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்க்கும், ஜாயின்ட் பெட்டிக்கும், கம்பத்துக்கும் வாய் கிடையாது. எந்த மென்பொருள் கேட்டாலும் அவை பதில் சொல்லாது. அங்கே மனிதர் போய்த்தான் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் போனில் இருப்பிடத்தோடு படம் எடுத்து, கருவியின் பட்டைக்குறியீட்டை ஸ்கேன் செய்து ஏற்றினால், அந்தப் பதிவும் ஒப்பீட்டில் சேரும். எல்லா இடத்துக்கும் போக முடியாவிட்டாலும், சில இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்து மொத்தத்தின் தரத்தை மதிப்பிடலாம்.

மாதிரி எடுத்து மதிப்பிடும் முறை நம் கடற்கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், போன முறை நிறையச் சிப்பி கிடைத்தது என்ற பழைய கணக்கை நம்பிக் குளிப்பை அறிவிக்க மாட்டார்கள். முத்துப் பார்களுக்கு முன்கூட்டியே ஆட்களை அனுப்பி, மாதிரிச் சிப்பிகளை எடுத்து வந்து எண்ணி, திறந்து, முத்தை மதிப்பிட்ட பிறகே முடிவு செய்தார்கள். 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் நின்றது. ஏட்டை நம்பாமல் களத்தைப் பார்க்கும் பழக்கம் இன்றைய தொழிலுக்கும் பொருந்தும்.

கடலுக்கடியிலும் பதிவு வேண்டும்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தெற்கே இருக்கும் கல்கிசைக்கு, கடலுக்கடியில் சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு பாரத் லங்கா கேபிள் போடப்பட்டது. பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து அமைத்த இந்தக் கேபிள் 2006இல் பயன்பாட்டுக்கு வந்தது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கடலடிக் கேபிள்கள் சேதமடைகின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும்தான் காரணம். கேபிள் போகும் பாதை கடல் வரைபடத்தில் சரியாக இருந்து, அது மீனவர்களையும் எட்டினால், கேபிளும் பிழைக்கும், வலையும் பிழைக்கும்.

தரையில் இதே வேலையைச் செய்ய, 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைக் கொண்டு வந்தது. ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டுவதற்கு முன் அதில் தெரிவித்தால், அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் செய்தி போகும். கண்டபடி தோண்டுவதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக அரசு அப்போது கூறியது. ஆனால் நிறுவனங்களின் பதிவேடு தவறாக இருந்தால், அங்கே எங்கள் கேபிள் இல்லை என்றுதான் பதில் வரும். ஜேசிபியோ கேபிளை வெட்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? நாம் என்ன செய்யலாம்?

ட்ராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 4 மணி நேரத்துக்கு மேல் நின்றால் நிறுவனம் ட்ராய்க்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவும், ப்ரீபெய்டு வாடிக்கையாளருக்குச் செல்லுபடிக் கால நீட்டிப்பும் உண்டு. இயற்கைப் பேரிடருக்கு இதில் விலக்கு இருக்கிறது. எந்தப் பகுதியில் எந்தச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தையும் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்த வரைபடம் உண்மையாக இருக்க, உள்ளே இருக்கும் பதிவேடு உண்மையாக இருக்க வேண்டும்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியவை சில உண்டு.

1. தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் வீட்டைச் சுற்றியுள்ள டவர்களைப் பார்க்கலாம். ஊரில் இருக்கும் டவர் அதில் இருக்கிறதா, நிறுவனத்தின் வரைபடத்தில் சிக்னல் உண்டு என்று காட்டும் தெருவில் உண்மையில் சிக்னல் கிடைக்கிறதா என்று சரிபார்த்து, வித்தியாசம் இருந்தால் புகார் செய்யலாம்.

2. ஜமாஅத், ஊராட்சி, நகராட்சி அளவில், மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பட்டியல் தயாரிக்கலாம். எந்த டவர் எங்கே, அதைப் பராமரிப்பது எந்த நிறுவனம், ஜெனரேட்டர் உண்டா, வெள்ளத்தில் எந்த வழியாக அங்கே போக முடியும் என்பவை அதில் இருந்தால், பேரிடர் நேரத்தில் மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய உதவி.

3. வீட்டு வேலைக்கோ பொதுப்பணிக்கோ தெருவைத் தோண்டுவதற்கு முன், கேபிள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தோண்டச் சொல்லலாம்.

4. நிறுவனங்களின் பதிவேட்டில் நாமும் ஒரு வரிதான். சஞ்சார் சாத்தி இணையதளத்தில் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். குறிப்பாக, வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரில் ஊரில் வாங்கிய பழைய எண்கள் இப்போது யார் கையில் என்று குடும்பத்தார் பார்த்துக்கொள்வது நல்லது.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வரும். அடுத்த முறை தண்ணீர் சூழ்ந்தால், மீட்புக்கு வருபவரின் கையில் இருக்கும் வரைபடம் நம் ஊரைச் சரியாகக் காட்ட வேண்டும். அதற்கான வேலை நடக்க வேண்டியது வெயில் காலத்தில்தான். டவர்களும் கேபிள்களும் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் மாவட்ட நிர்வாகம் இதை இப்போதே கேட்க வேண்டும். கேட்கச் சொல்லி நாமும் வலியுறுத்த வேண்டும்.