ஊழியரா, சுயதொழிலரா?

லோத்குண்டாவில் பகுதிநேரத் தையல் வேலைக்குப் போகிறவரிடம், “பீஸ் ரேட்தான், நீங்கள் ஊழியர் இல்லை” என்று கடைக்காரர் சொன்னால் செல்லுமா? ஹைதராபாத்தின் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது.

அங்கே தைத்த துணிக்குத்தான் கூலி. லீவு சொல்லாமலே வராமல் இருக்கலாம். வேலை இல்லையென்றால் கிளம்பிவிடலாம். அனுமதி பெற்று வீட்டுக்கும் துணி கொண்டுபோகலாம். ஆனாலும் கடைகள் சட்டப்படி அவர்கள் ஊழியர்களே என்றது நீதிமன்றம். கடையும் மெஷின்களும் முதலாளியுடையவை. எப்படித் தைப்பது என்று சொல்பவரும், சரியில்லாவிட்டால் பிரித்துத் தைக்கச் சொல்பவரும் அவரே.

சொந்த மெஷின், சொந்த வாடிக்கையாளர், தானே வைக்கும் ரேட் என்றால் அது சுயதொழில். லாபமும் நஷ்டமும் தைப்பவருக்கே. வார விடுமுறை கேட்க ஆளில்லை. அந்தச் சுதந்திரம் இல்லாமல் ‘சுயதொழிலர்’ என்ற பட்டம் மட்டும் கிடைத்தால், லாபம் கடைக்காரருக்குத்தான்.