பீத்தோவனிடம் மறுத்துப் பேசிய பாடகி

ஒப்பெரா மேடையில் ஒலிவாங்கி கிடையாது. முன்னால் முழு வாத்தியக் குழுவும் முழங்கும். அதைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போய்ச்சேர வேண்டும். இந்த இசை நாடகத்தில் பெண்களின் மிக உயர்ந்த சுருதிக் குரலைச் சொப்ரானோ என்பர். ஒஸ்திரியப் பாடகி அன்னா மில்டரின் குரல் அத்தகையது.

அவர் 1785 இல் உஸ்மானியத் தலைநகரான இஸ்தான்புலில் பிறந்தார். தந்தை அங்கிருந்த ஒஸ்திரியத் தூதுவரிடம் பணியாற்றியவர். பின்னர் வியன்னாவில் இசை கற்றார். முதிய இசைமேதை ஹைடன் இவரது பாட்டைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, உன் குரல் ஒரு வீட்டைப் போல இருக்கிறது" என்றாராம். விசித்திரமான பாராட்டுத்தான்! பெரியது, உறுதியானது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

1805 நவம்பர் 20 ஆம் திகதி பீத்தோவனின் ஒரே ஒப்பெராவான 'ஃபிடேலியோ' அரங்கேறியது. அநியாயமாகச் சிறை வைக்கப்பட்ட கணவனை மீட்க, ஆண் வேடத்தில் சிறைச்சாலையில் வேலைக்குச் சேரும் லெயனோராவின் கதை அது. லெயனோராவாகப் பாடிய அன்னாவுக்கு அப்போது வயது 19. என்னைவிட இரண்டே வயது கூட. ஒரு வாரத்துக்கு முன்புதான் பிரெஞ்சுப் படை வியன்னாவைப் பிடித்திருந்தது. இசை ரசிகர்கள் பலர் நகரைவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று காட்சிகளோடு நாடகம் நின்றது.

அதில் லெயனோராவுக்கு ஒரு நீண்ட தனிப்பாட்டு உண்டு. அதன் மெதுவான பகுதி தன் குரலுக்கு ஒத்துவராதென்று பீத்தோவனோடு கடுமையாக வாதாடியதாகவும், அப்படியே இருந்தால் மேடையேற மாட்டேன் என்று உறுதியாக நின்றதாகவும் அன்னா பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இதைத் திமிர் என்பவர்களும் இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொண்டை கெட்டால் நட்டம் பாடுபவருக்குத்தானே? 1814 இல், திருத்திய மூன்றாவது வடிவம் வெற்றி பெற்றது. மூன்று வடிவங்களிலும் லெயனோரா அன்னாதான்.

பின்னர் அவர் பெர்லினில் புகழ்பெற்றார். 1825 இல் அங்கு சூபர்ட் இசையமைத்த 'ஸுலைகா' பாட்டைப் பாடினார். ஆம், எங்கள் வகுப்பிலும் இருக்கும் அதே ஸுலைஹாதான்! பாரசீகக் கவிஞர் ஹாபிஸை வாசித்து மயங்கிய ஜேர்மன் கவிஞர் கதே, தன் நூலொன்றில் காதலிக்கு வைத்த பெயர் அது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட கவிதையை எழுதியவர் மரியானா என்ற பெண். அவர் உயிரோடு இருந்தவரை உலகம் அதைக் கதேயின் கவிதை என்றே எண்ணியது. எனக்கு இது பெரிய கவலை.

மரியானாவின் எழுத்தாவது நம்மிடம் இருக்கிறது. அன்னா இறந்தது 1838 இல். ஒலிப்பதிவுக் கருவி வர இன்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தன. அவருக்கென எழுதப்பட்ட பாட்டுகளை வைத்துத்தான் அந்தக் குரலை ஊகிக்க வேண்டும். அன்னாவின் வேண்டுகோளுக்காகச் சூபர்ட் 1828 ஒக்டோபரில் 'பாறைமேல் இடையன்' என்ற பாட்டை அமைத்தார். அடுத்த மாதமே, 31 வயதில், காலமானார். 1830 இல் ரீகா நகரில் அன்னா அதைப் பாடினார். பியானோவும் கிளாரினெட்டும் துணைவர, ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் நீளும் அந்தப் பாட்டைச் சொப்ரானோக்கள் இன்றும் பாடுகிறார்கள்.