மடித்த தாளில் பிறக்கும் சிரிப்பு

ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும். இரு நண்பர்கள் மாறி மாறி எழுதி ஒரு வேடிக்கைக் கதையை உண்டாக்கிவிடலாம். முதலாமவர் இரண்டு வாக்கியங்கள் எழுதுகிறார். முதல் வாக்கியம் மறையும்படி தாளை மடித்து, கடைசி வாக்கியம் மட்டும் தெரியுமாறு நண்பரிடம் தருகிறார். நண்பர் அதைத் தொடர்ந்து இரண்டு வாக்கியங்கள் எழுதி, அவ்வாறே மடித்துத் திருப்பித் தருகிறார். தாம் முன்பு எழுதியதை மறந்துவிட்டுக் கண்ணில் படும் வாக்கியத்தை மட்டுமே தொடர வேண்டும் என்பது விதி. பாரிஸ் நகரில் 1925-ஆம் ஆண்டளவில் சர்ரியலிஸ்டுக் கவிஞர்களும் ஓவியர்களும் இத்தகைய விளையாட்டைப் பெரிதும் விரும்பி ஆடினர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

“தலைமை ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தார். அவர் கையில் ஒரு பூசணிக்காய் இருந்தது.” – இது முதலாமவர்.

“அதை அறுத்துச் சாம்பாரில் போட மாமியார் சம்மதிக்கவில்லை. மூன்று நாளாக அவர் யாரிடமும் பேசவும் இல்லை.” – இது நண்பர்.

“ஆகவே கட்சி அவரையே தேர்தலில் நிறுத்தியது. எதிர்த்து நின்றவர் டெபாசிட்டை இழந்தார்.” – மறுபடியும் முதலாமவர்.

தாளைப் பிரித்துப் படித்தால் சிரிப்பு வருகிறது. இதற்குக் காரணம் நண்பர்களின் நகைச்சுவை உணர்வா, அல்லது தாளின் மடிப்பா?

அடுத்தடுத்துள்ள இரு வாக்கியங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். எந்த இணைப்பிலும் பெரிய பிழை இல்லை. பூசணிக்காயைச் சாம்பாரில் போடலாம். பேசாதவரைத் தேர்தலிலும் நிறுத்தலாம். ஆனால் நான்கு வாக்கியங்கள் தள்ளிப் பார்த்தால் தலைமை ஆசிரியர் காணாமற்போய்விட்டார்! ‘அவர்’ என்ற நம் சொல்லும் இதற்கு நன்றாக உதவுகிறது. ஆணையும் பெண்ணையும் அது ஒருங்கே குறிப்பதால் தலைமை ஆசிரியர், மாமியார், வேட்பாளர் என்று கதை வழுக்கிக்கொண்டே போகிறது.

அடுத்து வருவதை இப்போது உள்ள நிலை மட்டுமே தீர்மானிக்கிறது, அதற்கு முந்தையவை தீர்மானிப்பதில்லை என்றால், அத்தகைய தொடரைக் கணிதத்தில் ‘மார்க்காவ் சங்கிலி’ என்பர். ரஷ்யக் கணித அறிஞர் மார்க்காவ் 1913-இல் புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ என்ற கவிதைப் புதினத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர் எது, மெய் எது என்று கையாலேயே எண்ணினார். உயிரெழுத்து வருவதற்கான நிகழ்தகவு மொத்தத்தில் 0.432. ஆனால் மெய்யை அடுத்து உயிர் வருவதற்கு 0.663, உயிரை அடுத்து மீண்டும் உயிர் வருவதற்கோ 0.128தான். அதாவது, ஓர் எழுத்து தனக்கு முந்தைய எழுத்தை ‘நினைவில்’ வைத்திருக்கிறது. (தமிழில் இந்தக் கடைசி எண் ஏறக்குறையச் சுழியாகிவிடும். இரண்டு உயிர்கள் சேர நேர்ந்தால், இடையில் உடம்படுமெய் வந்து நின்றுகொள்ளுமல்லவா?)

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாடு ஷானன் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கினார். 1948-இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் அவர் கூறும் முறை இது: ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து ஓர் எழுத்தைக் குறித்துக்கொள்க. வேறொரு பக்கத்தைத் திறந்து, அதே எழுத்து வரும் வரையில் படித்து, அதற்கு அடுத்த எழுத்தை எழுதுக. இப்படியே தொடர்க. நினைவே இல்லாதபோது வெறும் எழுத்துக் குப்பைதான் கிடைக்கிறது. நினைவு இரண்டு, மூன்று எழுத்துகளாக நீளும்போது சொற்களின் சாயல் தோன்றுகிறது. எழுத்துகளுக்குப் பதிலாகச் சொற்களைக் கொண்டு இதைச் செய்தால் வாக்கியம் போன்ற ஒன்று உருவாகிறது. ஆனால் அது எங்கும் போய்ச் சேருவதில்லை. இன்றைய மொழிக் கணிப்பொறிகளும் அடுத்த சொல்லையே தேடுகின்றன. ஆனால் ஆயிரக்கணக்கான முந்தைய சொற்களைக் கணக்கில் கொள்கின்றன.

நினைவு நீள நீள வியப்புக் குறைகிறது. இதையும் ஷானன் 1951-இல் அளந்து காட்டினார். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை விடையாகக் கொண்ட கேள்வி ஒன்றின் அளவை ஒரு ‘பிட்’ எனலாம். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் இடைவெளியும் சமவாய்ப்புடன் வந்தால், அடுத்த எழுத்தை அறிய 4.75 பிட் தேவை. முந்தைய நூறு எழுத்துகளைப் படித்துவிட்ட ஒருவருக்கோ 0.6 முதல் 1.3 பிட் வரையே போதும் என்று அவர் கணக்கிட்டார்.

நம் விளையாட்டில் மடிப்பு செய்யும் வேலை, குறைந்துபோன இந்த வியப்பை மீண்டும் கூட்டுவதுதான். ஆனால் வியப்பு மட்டும் சிரிப்பாகிவிடாது. சொற்களைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கி எடுத்தால், முதல் தடவை சிரிப்போம், பிறகு சலித்துவிடும். எதிர்பார்ப்பு ஒன்று முதலில் உருவாகி, பிறகு உடைய வேண்டும். ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1790-இலேயே சிரிப்புக்கு ஏறக்குறைய இத்தகைய விளக்கம் தந்திருக்கிறார். கடைசி வாக்கியம் தெரிவதால் எதிர்பார்ப்பு உருவாகிறது. மற்றவை மறைவதால் அது உடைகிறது. எனவே மடிப்புக்கே பெரும்பங்கு என்பது என் கருத்து. ஆனாலும் பேசாதவரைத் தேர்தலில் நிறுத்தும் குறும்பை மடிப்பு தராது, அது நண்பருடையது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாக்கியம் தெரியும்படி மடித்துப் பத்துக் கதைகளும், மூன்று வாக்கியங்கள் தெரியும்படி மடித்துப் பத்துக் கதைகளும் எழுதுங்கள். எது எந்த வகை என்று சொல்லாமல், மற்றொரு நண்பரைக் கொண்டு வகுப்பில் படிக்கச் செய்யுங்கள். சிரிப்பு எழும் இடங்களில் பென்சிலால் குறியிட்டு, அவற்றில் எத்தனை மடிப்பை ஒட்டி விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.