கடலுக்குள் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

இந்த ஆண்டு பொங்கல் விழாவின்போது சங்க மண்டபத்துச் சுவரில் நான் கடலடியில் எடுத்த நான்கு படங்களை மாட்டியிருந்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன கேமரா சார்?" மூன்று குடும்பங்கள் இந்தக் கோடையில் எல்.டி.சி.யில் அந்தமான் போகிறார்களாம். என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று எழுதித்தரும்படி கேட்டார்கள். மலைமந்திர் வாசலில் நின்று பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இரண்டு வருடம் பணத்தை விரயம் செய்து நான் கற்றுக்கொண்டது மற்றவர்களுக்காவது மலிவாகக் கிடைக்கட்டும்.

முதலில் சொல்லவேண்டியது, கேமரா கடைசிக் கேள்வி என்பது. நீங்கள் இறங்கப்போகும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதே முதல் கேள்வி. அதற்குப் பிறகு போர்ட், அதாவது லென்ஸுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கும் கண்ணாடி. அதன்பின் லென்ஸ், பிறகு ஹவுசிங் எனப்படும் தண்ணீர் புகாத கூடு. நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

எனக்குப் பழக்கம் பறவைப் படங்கள். சுல்தான்பூரிலும் ஓக்லாவிலும் பனிக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் நீளமான லென்ஸோடு காத்துக் கிடந்தவன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுப்பதுதான் புகைப்படக்கலை என்று நினைத்திருந்தேன். கடலுக்குள் அது நடக்காது. ஏன் என்பதைத் தில்லிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு யமுனைப் பாலத்தில் நின்று எதிர்க்கரையைப் படம் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் மூடுபனிதான் பெரிதாகத் தெரியும், எதிர்க்கரை தெரியாது. தெளிந்த கடல்கூட ஒருவகை மூடுபனிதான். நம் மன்னார் வளைகுடா போன்ற கலங்கலான கடல் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதே பாலத்தில் காரின் ஹெட்லைட்டை முழுதாகப் போட்டால் என்ன ஆகும்? கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழும். கேமராவின் தலையிலேயே இருக்கும் ஃபிளாஷ் தண்ணீருக்குள் செய்வதும் இதுதான். மிதக்கும் ஒவ்வொரு தூசும் வெளிச்சம் பட்டு, படம் முழுக்க மாவு தூவினாற்போல் ஆகிவிடும். பனிவிளக்கை வண்டியின் கீழ் ஓரத்தில் பொருத்துவதுபோல, கடலடி ஃபிளாஷை (ஸ்ட்ரோப் என்பார்கள்) இருபுறமும் கைகள் நீட்டி விலக்கி வைப்பது இதற்காகத்தான். ஆக, விதி ஒன்றுதான்: உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறையுங்கள். கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குள் படம் எடுங்கள். அதற்குப் பயன்படுவது இரண்டே வகை லென்ஸ்கள். ஒன்று, கிட்டப்போயும் அகலமாக அடக்கும் வைட் லென்ஸ். மற்றது, சிறியதைக் கிட்டப்போய்ப் பெரிதாக்கும் மேக்ரோ. நடுவில் உள்ளவற்றையும் டெலிபோட்டோவையும் வீட்டிலேயே வைத்துவிடலாம்.

இனி போர்ட். இதில் கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும்.

என் சித்தப்பா தூத்துக்குடிப் பக்கம் முப்பது வருடம் சங்கு குளித்தவர். அவர் சொல்லிச் சிறுவயதில் கேட்டது: முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் தடவை இறங்குகிறவன் சங்கைப் பார்த்துக் கையை நீட்டினால், கை எட்டாமல் வெறும் தண்ணீரைத்தான் பிடிக்குமாம். சங்கு இருக்கும் இடத்தைவிடக் கிட்டத்தில் தெரியும். காரணம் ஒளிவிலகல். தண்ணீரிலிருந்து தட்டைக் கண்ணாடி வழியாகக் காற்றுக்கு வரும் ஒளி வளைவதால் எல்லாமே முக்கால் தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகிறது. தட்டையான போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸுக்கும் இதே கதிதான். காற்றில் மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கிற 24 மி.மீ. லென்ஸ், தண்ணீருக்குள் தட்டைப் போர்ட்டின் பின்னால் ஏறக்குறைய 60 பாகைதான் பார்க்கும். அகலத்துக்காகக் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. அதோடு ஓரங்களில் ஒளி சாய்ந்து வருவதால் மூலைகள் இழுபட்டு, நீலமும் சிவப்பும் பிரிந்து வானவில் கரை கட்டும். என் முதல் அந்தமான் பயணத்துப் படங்கள் எல்லாம் நடுவில் மட்டும் தெளிவாக, சுற்றிலும் அழுதகண் பார்வைபோல் இருந்தன.

ஆனால் தட்டைப் போர்ட் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. மேக்ரோவுக்கு அதுதான் சரி. குறுகிய கோணத்தில் ஒளி நேராக வருவதால் கெடுதல் இல்லை. மூன்றில் ஒரு பங்கு பெரிதாவது இனாம். கலங்கல் தண்ணீரில் 100 மி.மீ. மேக்ரோவைவிட 60 மி.மீ. நல்லது, இன்னும் கிட்டே போகவேண்டியிருப்பதால் நடுவில் தண்ணீர் குறைவு. கூச்சம் மிகுந்த சிறு மீன்களுக்கு மட்டும் 100 வேண்டும்.

வைட் லென்ஸுக்கு வேண்டியது டோம் போர்ட். பாதித் தேங்காய் மூடி போன்ற வளைந்த கண்ணாடி. லென்ஸின் பார்வைப்புள்ளி அந்த வளைவின் மையத்தில் அமைந்தால் ஒவ்வொரு கதிரும் கண்ணாடியை நேராகவே சந்திக்கும். கோணம் குறையாது, வானவில் கரையும் இல்லை. மையத்தில் அமைவதற்காகத்தான் போர்ட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் வளையம் என்று ஒன்றை விற்கிறார்கள். ஹவுசிங் தயாரிப்பாளர்கள் எந்த லென்ஸுக்கு எந்த வளையம் என்று பட்டியலே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் மகன் மூலம் எட்டங்குல டோம் ஒன்றைப் பழையதாக வாங்கி வரவழைத்தேன். அடுத்த பயணத்தில் அதை மாட்டி இறங்கினால், லென்ஸ் முன்னும் பின்னும் தேடித் தேடி எதிலும் நிற்கவில்லை. ஒரு படம்கூடத் தேறவில்லை. டோமைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இதுதான். தண்ணீருக்குள் அந்த வளைவே ஒரு லென்ஸாகிவிடுகிறது. வெளியே எவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருளானாலும் அதன் மாய பிம்பத்தை, கண்ணாடியிலிருந்து வளைவின் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. எட்டங்குல டோமின் ஆரம் 10 செ.மீ. அப்படியானால் அடிவானம்வரை உள்ள கடல் முழுவதும் கேமராவுக்குக் கண்ணாடிக்கு 30 செ.மீ. முன்னால் முடிந்துவிடுகிறது. கண்ணாடியிலிருந்து 30 செ.மீ.யில் நிற்கும் மீனின் பிம்பமோ வெறும் 13 செ.மீ.யிலேயே இருக்கிறது! லென்ஸ் உண்மையான மீனைப் பார்ப்பதில்லை, இந்தப் பிம்பத்தைத்தான் பார்க்கிறது. என்னுடைய பழைய ஜூம் லென்ஸோ அரை மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. பிறகு எப்படி நிற்கும்?

எனவே வைட் லென்ஸ் வாங்கும்போது பார்க்கவேண்டிய எண், அது எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதுதான். லென்ஸ் உடம்பிலேயே எழுதியிருக்கும். கேமராவின் சென்சாரிலிருந்து அளக்கும் தூரம் அது. 30 செ.மீ.க்குள் இருந்தால் தைரியமாக வாங்கலாம். சாந்தினி சௌக்கில் கூச்சா சௌதரி கேமரா சந்தைக்குப் போகும்போது இப்போதெல்லாம் பையில் ஓர் அடிக்கோல் வைத்துக்கொள்கிறேன். கடைக்காரர் கொடுக்கும் விசிட்டிங் கார்டையே மேஜைமேல் வைத்து, லென்ஸை மாட்டி, அளந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். இது என்ன மதராஸி வேடிக்கை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஏற்கெனவே கையில் உள்ள லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகவில்லை என்றால் அதன் முகத்தில் திருகும் குளோஸ்-அப் கண்ணாடி ஒன்று மலிவாகக் கிடைக்கும். என் லென்ஸைக் காப்பாற்றியது அதுதான். வெகு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் மீன்கண் லென்ஸ் இன்னும் நல்லது; சிறிய டோமோடும் ஒத்துப்போகும்.

அந்தப் பிம்பம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் வளைந்திருப்பதால் படத்தின் மூலைகள் கொஞ்சம் கலங்கும். அபெர்ச்சரை 8 அல்லது 11-க்குச் சுருக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய டோமில் மூலைகள் இன்னும் தெளியும். ஆனால் உள்ளே காற்று நிறைந்திருப்பதால் அது மேலே மிதக்கப் பார்த்து மணிக்கட்டை முறுக்கும். அக்ரிலிக் டோம் சீக்கிரம் கீறும், ஆனால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்; கண்ணாடி டோம் லேசில் கீறாது, கீறினால் மாற்றத்தான் வேண்டும்.

ஹவுசிங் ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த வருடம் கேமராவை மாற்றினால் கூட்டையும் மாற்றவேண்டும். இதனாலேயே புதிதாக வெளிவந்த கேமராவைவிட, ஹவுசிங் பழையதாகக் கிடைக்கும் கேமராவை வாங்குவதே புத்திசாலித்தனம். ஒருகாலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. நிக்கான் கம்பெனி 1963-இல் கொண்டுவந்த நிக்கோனாஸ் என்ற கேமராவுக்குத் தனிக் கூடு கிடையாது, அதன் உடம்பே தண்ணீர் புகாதது. தண்ணீருக்குள் மட்டுமே வேலை செய்யும் லென்ஸ்களும் அதற்கு இருந்தன. 2001-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று அலுமினியக் கூடு (நாட்டிகாம், சுபால் போன்றவை) விலை அதிகம், உழைக்கும். ஐக்கலைட் போன்ற பிளாஸ்டிக் கூடு விலை குறைவு, கனமானாலும் பழுதில்லை. எதுவானாலும் சுங்கவரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கூட்டைக் காப்பது ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் சுமார் 3 கிலோ அதிகப்படியாக அழுத்தும். வளையத்தின்மேல் ஒரு தலைமுடி கிடந்தால் போதும். எனக்குக் கிடந்தது முடிகூட அல்ல, ஓட்டல் துண்டின் நூலிழை. மூன்று மாதச் சம்பளம் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிற்று. குறை சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. அன்றிலிருந்து, முதலில் கேமரா இல்லாமல் கூட்டுக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிறேன். காகிதம் நனையாவிட்டால்தான் கேமரா உள்ளே போகும். கூட்டை ஏ.சி. அறையின் உலர்ந்த காற்றில் மூடுங்கள். கடற்கரையின் ஈரக்காற்றை அடைத்து மூடினால் குளிர்ந்த தண்ணீரில் போர்ட்டின் உள்பக்கம் வியர்த்துவிடும். விமானத்தில் போகும்போது கூட்டின் பூட்டைத் தளர்த்தி ஓ-ரிங்கை வெளியே எடுத்துவையுங்கள். கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள்.

அந்தமான் போகிறவர்களுக்கு இத்தனையும் தேவையா என்றால், தேவையில்லை. முகமூடியும் ஸ்நார்கெலும் போட்டு மேலே மிதக்கிறவர்களுக்கு ஒலிம்பஸ் டி.ஜி.-6 போன்ற சிறிய கேமரா தாராளம்; கூடு இல்லாமலே 15 மீட்டர் தாங்கும், ஒரு செ.மீ. கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். பிறகு ஆசை வளர்ந்தால் அதற்கும் கூடு உண்டு. கூட்டின் முகத்தில் வெளியிலிருந்தே தண்ணீருக்குள் மாட்டிக் கழற்றும் வைட், மேக்ரோ கண்ணாடிகளும் உண்டு. மாட்டும்போது நடுவில் சிக்கும் காற்றுக்குமிழியை மறக்காமல் வெளியேற்றுங்கள்.

இவ்வளவு பாடுபட்டது அந்தமானுக்காக இல்லை. சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கி வருகிறது. தில்லியில் பிறந்த என் மகளிடம் அவர் கடலுக்கு அடியில் உள்ளதைப் பேச்சில் மட்டுமே காட்ட முடிந்தது. அந்த இடத்தைப் படமாக்கி அவருக்கே காட்டவேண்டும் என்று ஆசை. இன்று இங்கே சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளப் பெண்கள் அணியும் வெண்சங்கு வளையல்களுக்கு ஒருகாலத்தில் அவர் ஊர்க் கடலிலிருந்துதானே சங்கு போயிற்று!

சென்ற ஆண்டு மார்ச்சில், தேசியப் பூங்காத் தீவுகளுக்கு வெளியே, பயிற்சியாளர் ஒருவருடன் 12 மீட்டர் ஆழத்தில் இறங்கினேன். ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத கலங்கல். ஒரு பாறையில் கடற்பஞ்சு ஒன்று கன்றிய கறுப்பாக ஒட்டியிருந்தது. டோம் அதைத் தொட்டுவிடும் தூரத்துக்குப் போய், ஸ்ட்ரோப்களை விலக்கி, 11-இல் எடுத்தேன்.

பெரிய காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்ததும் சித்தப்பா ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். "இது நம்ம கடல் இல்லலே. இப்பிடிச் செவப்பு அங்கன கெடையாது" என்றார். சூரிய வெளிச்சத்தில் உள்ள சிவப்பைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே குடித்துவிடும், அதனால்தான் ஆழத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், ஸ்ட்ரோப்பின் வெளிச்சம் ஓரடி தூரமே போய்வருவதால் நிறம் தப்பிக்கிறது என்று என் மகள் பாதித் தமிழும் பாதி இந்தியுமாக அவருக்கு விளக்கினாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. "முப்பது வருசமா இதையா கறுப்புன்னு தள்ளிட்டு வந்தேன்" என்றார்.

பிறகு படத்தின் கீழ்மூலையில் மணல் லேசாக மேடிட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். எனக்கு அது வெறும் மணல்தான்.

"இதுக்குள்ள ஒரு சங்கு கெடக்கு. எடுக்காம வந்துட்டியேலே."