100 ரூபாய் கோழிச்சோற்றுக்கு மிச்செலின் ஸ்டார்!

சிங்கப்பூர் சைனாடவுனில், நூற்றுக்கணக்கான சின்னக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் உணவங்காடி. அங்கே சோயா சாஸில் வெந்த கோழியை வெட்டி, சோற்றின் மேல் வைத்து 2 வெள்ளிக்கு விற்றுக்கொண்டிருந்தார் சான் ஹோன் மெங். நம் பணத்தில் அப்போது சுமார் 100 ரூபாய்.

2016-ல் சிங்கப்பூருக்கான முதல் மிச்செலின் கையேடு வெளியானது. பெரிய ஓட்டல்களே ஏங்கும் ஸ்டார், சானின் கடைக்குக் கிடைத்தது. கிராஃபர்ட் லேனில் இருக்கும் 'தாய் ஹ்வா' பன்றிக்கறி நூடுல்ஸ் கடைக்கும் அதே ஸ்டார். 1930-களில் தொடங்கிய குடும்பத் தொழில் அது.

அதன்பின் இரு கடைகளும் வேறு வேறு வழியில் போயின. சான் ஒரு நிறுவனத்தோடு கைகோத்து, உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் கிளைகள் திறந்தார். தாய் ஹ்வாவின் டாங் சாய் செங்கோ அடுப்பை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு கிண்ணமாக நூடுல்ஸை வேகவைத்து, கறுப்பு வினிகர் கலந்து கொடுத்தார். வாடிக்கையாளர்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள்.

2021-ல் சானின் ஸ்டார் பறிபோனது. தாய் ஹ்வாவுக்கு நீடித்தது. கிளைகள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், எப்போது போனாலும் அதே ருசி இருக்கிறதா என்பதும் மிச்செலினின் அளவுகோல்களில் ஒன்று.

உணவங்காடிக் கலாசாரத்தை 2020-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. ஆனாலும், நாள் முழுக்க அடுப்புச் சூட்டில் நிற்க இளைஞர்கள் பலர் தயங்குகிறார்கள். சிங்கப்பூர் போனால், கூட்டம் நிற்கும் கடையில் சமைக்கும் பெரியவரைக் கவனியுங்கள். பக்கத்தில் ஓர் இளையவர் நின்று கற்றுக்கொண்டிருந்தால், அந்த ருசி பிழைத்துக்கொள்ளும்!